பூட்டிய குழு

2025 ஆடி 3

சோளகக் காற்று வீசுகிறது. கடலின் வாசம் மேசைவரை வந்தது. கோயில் வாட்ஸ்அப் குழுவில் நாளைய பூசை நேரத்தைப் போட்டேன், இருமுறை சரிபார்த்துத்தான். பதில் வராது. போன திருநாளில் புனிதரின் சுரூபக்கூட்டை யார் தூக்குவது என்று கீழ்க்கரையாரும் மேல்கரையாரும் அதில் ஏசிக்கொண்டபின், நான் மட்டும் எழுதும்படி பூட்டிவிட்டேன். இப்போது அமைதி. நல்ல அமைதிதானே?

ஆடி 6

காற்று. வேறொன்றுமில்லை.

ஆடி 9

சந்தையில் பேதுருவின் மனைவி இராசாத்தி முகத்தைத் திருப்பினாள். காரணம் கேட்கத் துணிவின்றி, மீன் பார்ப்பதுபோல் நின்றேன். அவளே வந்தாள்.

"அவருக்குப் பாரிசவாதம், மாஸ்ரர். அரியாலையிலை மகள் வீட்டிலை கிடக்கிறார். கோயில் ஆக்கள் ஒருதரும் எட்டிப் பாக்கேல்லை."

"எனக்குத் தெரியாது, பிள்ளை."

"குழுவிலை சொல்லப் பாத்தன், விடேல்லை. ஒவ்வொருத்தராப் போன் எடுத்துப் புலம்பவோ? கோயில் கதவெண்டாலும் திறந்து கிடக்கு."

கூட்டின் முன்தடி எப்போதும் பேதுருவின் தோளில்தான் இருக்கும். இந்தமுறை கூடு ஊரைச் சுற்றிவரும் சுற்றுப்பிரகாரத்தைப் பார்க்கவாவது வேண்டும் என்று அழுகிறானாம்.

ஆடி 10

விடியற்புறக் கனவு. கூடு தோள்களில்லாமல் கடல்மேல் மிதந்து வருகிறது. கரையில் ஊரே நிற்கிறது. எல்லாருடைய வாயும் அசைகிறது, சத்தமில்லை.

திறந்தால் திரும்பவும் ஏச்சு. எனக்கேன் உந்த வேலை? பாதரிடம் கேட்டேன். "பூட்டினது நீங்கள், மாஸ்ரர். திறப்பும் உங்களிட்டைத்தானே?" என்று சிரித்தார்.

ஆடி 12

திறந்தேன். பேதுருவின் நிலையையும் ஆசையையும் எழுதினேன்.

மதியம்வரை ஒன்றுமில்லை. பிறகு கீழ்க்கரை ஸ்ரெல்லாவின் குரற்பதிவு: "ஓட்டோவிலை சந்திவரைக்கும் கொண்டுவந்து, பிறகு கதிரையிலை இருத்தித் தூக்குவம்." பின்னணியில் கோழி, யாரோ இருமும் சத்தம். அடுத்து இன்னொரு குரல், இன்னொன்று. கண்ணை மூடிக் கேட்டேன். முற்றம் நிறையச் சனம் நிற்பதுபோல் இருந்தது. சோளகமும் அவர்களோடு கதைத்தது.

ஆடி 13

பேதுருவைப் பார்க்க இடமில்லையாம், அவ்வளவு பேர். நாளை போவேன்.

ஆடி 24

நாளை திருநாள். குழுவில் மறுபடியும் சண்டை!

"கதிரையை மேல்கரைதான் தூக்கும்" என்றான் கிறிஸ்ரி.

"போனமுறை கூட்டைத் தூக்கினது காணாதோ? இந்தமுறை நாங்கள்" என்றான் கீழ்க்கரை ஜெயசுதன்.

"உன்ரை நாரி நோவுக்கு உது சரிவராதடா!"

இராசாத்தியும் வந்தாள்: "மனுசனை விழுத்திப்போடாதேங்கோ! இதைக் கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறார்."

பூட்டுமிடத்துக்குப் போன விரலை எடுத்தேன். முதல்முறையாக நானும் பேசிப் பதிந்தேன்.

"தம்பியவை, கதிரையின்ரை ஒரு காலை எனக்கு விடுங்கோ."