நான் கழுவிய கற்கள்

டிசம்பர் 2, செவ்வாய்

மகள் ரூஹிக்கு அரையாண்டுத் தேர்வு அட்டவணை வந்துவிட்டது. கேஸ் புக் பண்ணியாயிற்று. புயல் வருகிறது என்று டிவியில் கத்துகிறார்கள். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்குப் புயலே வேண்டாம், நாலு தூறல் போட்டால் போதும், கணுக்கால் நனையும். நாங்கள் முதல் மாடி என்பதால் பிழைத்தோம்.

இவர் இன்றும் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் நேரே தொட்டியிடம்தான் போனார். ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டு நாலடி நீளத்துக்கு ஒரு கடல்மீன் தொட்டி. ஹார்பரில் கிரேன் ஓட்டுகிற மனுஷனுக்குக் கடலைப் பார்த்துப் பார்த்து அலுக்காதா? வீட்டுக்குள்ளேயும் ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். டீ வேணுமா என்றேன். "ம்." தங்கச்சி ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள் என்றேன். "ம்." அப்புறம் போன் அடித்தது. ஷிஜி! உடனே மனுஷனுக்கு வாய் முளைத்துவிட்டது.

இந்த ஷிஜி திருவொற்றியூரில் இருக்கிற மலையாளத்துப் பெண். ஆபீஸ், கிளினிக் என்று ஏறி இறங்கிக் கடல்மீன் தொட்டிகளைப் பராமரிப்பதுதான் அவள் தொழில். ஏதோ வாட்ஸ்அப் குரூப்பில் இவருக்குப் பழக்கம். நான் நேரில் பார்த்ததில்லை. குரல் மட்டும் தெரியும். தண்ணீரில் உப்பு எவ்வளவு, மீன் எத்தனை தடவை சாப்பிட்டது, எல்லாவற்றையும் அவளிடம் சிரித்துக்கொண்டே ஒப்பிக்கிறார்.

பதினெட்டு வருஷமாக எனக்கு "ம்". அவளுக்கு வாக்கியம் வாக்கியமாக. ஆமாம், பொறாமைதான். இந்த நோட்டில்கூட மறைத்து என்ன பண்ணப்போகிறேன்.

டிசம்பர் 4, வியாழன்

காலை ஏழேகாலுக்குக் கரண்ட் போனது. காற்று ஜன்னலைப் பிய்க்கிறது. தெருவில் முட்டி அளவு தண்ணீர்.

தொட்டியில் பம்பு நின்றுவிட்டது. பம்பு ஓடினால்தான் தண்ணீரில் காற்றுச் சேருமாம். மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறக்கின்றன. இவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மக்கில் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருக்கிறார். ரூஹி பிறந்தபோதுகூட இவ்வளவு கண் விழித்ததில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

கோபத்தில் எழுதுகிறேன்.

என் போன் நேற்றே செத்துவிட்டது. இவர் போனில் ஒன்பது சதவீதம் மிச்சம். ராயபுரத்தில் தங்கச்சி வீடு தரைத்தளம். தண்ணீர் புகுந்ததா, பிள்ளைகளை எங்கே வைத்திருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். போனைக் கேட்டேன்.

"இரு தாஹிரா, ஷிஜி மேடம்கிட்ட ஒரே ஒரு டவுட்டு கேட்டுக்கினு தரேன்."

டவுட்டு தீர்ந்தபோது சார்ஜும் தீர்ந்தது. என் கூடப்பிறந்தவளைவிட இவருக்கு அந்தப் பொம்பளை சொல்கிற பதில் பெரிசாப் போச்சா? இன்னா மனுஷன் இவுரு? மீனு மீனு மீனு!

மத்தியானம் இவர் கை சோர்ந்து உட்கார்ந்திருந்தார். என் கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு மக்கை நான் எடுத்தேன். "நீ வுட்டுடு, தண்ணி கலங்கிடும்" என்றார். சரி, விட்டுவிட்டேன்.

மாலை ஆறரைக்குக் கரண்ட் வந்தது.

டிசம்பர் 6, சனி

தங்கச்சி நலம். அவளே கூப்பிட்டுவிட்டாள். எதிர்வீட்டு மாடியில் இருந்தார்களாம்.

தொட்டியில் மஞ்சள் மீன் மூன்றும் நீல மீன் இரண்டும் போய்விட்டன. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடியும் ஒரு சிவப்பு இறாலும் மிச்சம். இவர் செத்ததையெல்லாம் வலையில் எடுத்துத் துணியில் சுற்றினார். பாவமாகத்தான் இருந்தது. தோளில் கை வைக்கலாம் என்று எழுந்தேன். அதற்குள் போனை எடுத்துவிட்டார்.

வழக்கமாகக் காசிமேட்டில் தெரிந்த போட்டுக்காரர் நடுக்கடலிலிருந்து கேனில் தண்ணீர் கொண்டுவருவார். இப்போது போட் எதுவும் போகவில்லை. கரைத் தண்ணீரில் கால்வாய்ச் சாக்கடை கலந்து கிடக்கிறது. அதனால் உப்பு வாங்கி நல்ல தண்ணீரில் கரைத்துக் கடல்தண்ணீர் செய்ய வேண்டுமாம். கூப்பிடு தூரத்தில் கடலை வைத்துக்கொண்டு! அந்த உப்பை எடுத்துக்கொண்டு நாளைக்கு அவளே நேரில் வருகிறாள்.

ஹால் நாறுகிறது. செத்த மீன் வாடை, பாசி வாடை. இரண்டு தடவை பினாயில் போட்டுத் துடைத்தேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

வந்தாள். போனாள்.

முப்பத்தைந்து வயது இருக்கும். கறுப்பு, ஒல்லி, தலையைத் தூக்கிக் கட்டிய கொண்டை, ஆம்பளைச் சட்டை. அழகியாக இருந்தாலாவது இவர் மயங்கிவிட்டார் என்று திட்டி ஓய்ந்திருப்பேன். இது வேறு. இவள் கேட்கிற கேள்விக்கெல்லாம் இவரிடம் பதில் இருக்கிறது. அவள் முழங்கை வரை தொட்டிக்குள் விட்டு எடுத்தாள், இவர் துண்டோடு நின்றார். என் கையில் தண்ணீர் சொட்டினால் இந்த வீட்டில் யாரும் துண்டு கொடுத்ததில்லை.

ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீர் பிடித்து சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்கள். மஞ்சளாக நின்றால் நல்லதாம், பச்சை ஏறினால் விஷமாம். லேசாகப் பச்சை. தண்ணீரில் கால்வாசி மாற்றினார்கள். ஒரு பாட்டிலைக் கொடுத்து தினமும் ஒரு மூடி ஊற்றச் சொன்னாள்.

தொட்டியில் அடுக்கியிருக்கிற கடல் கல்லில் ஒன்றைக் கடைசியாக வெளியே எடுத்தாள். பாசி பிடித்து, கொழகொழ என்று, தொடவே கூசும். அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "கல்லுக்கு நல்ல வாசனை, கேட்டோ இத்தா" என்றாள். அக்காவை அவர்கள் பக்கம் இத்தா என்பார்களாம்.

என் வீட்டில், என் முகத்துக்கு நேரே. நல்ல வாசனையாம்! நாறுகிறது என்று சொல்லியிருந்தால்கூட மரியாதை. இவர் வேறு கூடச் சேர்ந்து சிரிக்கிறார்.

புதன் கழித்து மறுபடி வருவாளாம். வரட்டும்.

டிசம்பர் 10, புதன்

கார்ப்பரேஷன்காரர்கள் தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். வீட்டுக்கு ஒரு பொட்டலமும் கொடுத்தார்கள். கீழ்வீட்டு கெங்கம்மா வாசலையும் சுவரையும் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் கை பரபரத்தது.

இவர் காலை ஷிஃப்ட். ரூஹி பள்ளிக்கூடம். தொட்டியிலிருந்து கற்களை ஒவ்வொன்றாக எடுத்து பாத்ரூமில் அடுக்கினேன். பதினோரு கல். பவுடரைக் கரைத்து ஊறவைத்து, புது பிரஷ் பிரித்து, சந்து சந்தாகத் தேய்த்தேன். என்ன அழுக்கு! குழாய்த் தண்ணீரில் ஏழெட்டுத் தடவை அலசினேன். மொட்டை மாடி வெயிலில் மத்தியானம் வரை காயவைத்தேன். பழையபடி அடுக்கினேன். பல் துலக்கியது மாதிரிப் பளிச்சென்று இருந்தது. ஹாலில் நாற்றம் போயே போய்விட்டது. இனி மோந்து பார்க்கட்டும் அவள்.

இவர் வந்ததும் தொட்டி முன்னாடி நின்று அசந்துபோனார்.

"இன்னா தாஹிரா இது, கல்லெல்லாம் வெள்ளையா மின்னிக்கினு கீது?"

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"ஷிஜி மேடம் குடுத்த மருந்து! மூணே நாள்ல பாரேன்!"

உடனே போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பி, போன் போட்டு ஒரே புகழ்ச்சி. முதுகு ஒடிய நான் தேய்த்தேன், பேர் அவளுக்கு. கோபத்தில் சொல்லாமலே இருந்துவிட்டேன். போனை வைத்துவிட்டு, "மேடம் ஒண்ணுமே பேசல, தண்ணிய டெஸ்ட் பண்ணிப் பாருன்னு மட்டும் சொன்னாங்க" என்றார்.

டிசம்பர் 12, வெள்ளி

டெஸ்ட் குழாயில் தண்ணீர் கரும்பச்சை. இறால் செத்துவிட்டது. ஜோடியில் பெரியது ஓரமாகச் சாய்ந்து கிடக்கிறது.

ரூஹி அவள் பாட்டுக்குச் சொன்னாள்: "அம்மா, அந்தக் கல்லுல இருக்குற பாக்டீரியாதான் தண்ணியை சுத்தம் பண்ணுது. அது செத்தா மீனும் செத்துடும். அத்தா எத்தனை தடவை சொல்லியிருக்காரு."

எனக்குச் சொல்லவில்லையே.

டிசம்பர் 13, சனி

பெரிய மீன் போய்விட்டது. மிச்சம் ஒன்றே ஒன்று.

ஷிஜி உப்போடு வந்தாள். இவர் படியிலேயே நிறுத்திவிட்டார். "உங்க மருந்துதான் எல்லாத்தையும் கொன்னுட்ச்சு. உங்களை நம்பனதுக்கு நல்லா செஞ்சீங்க. இனிமே வராதீங்க" என்றார். இவர் யாரிடமும் இப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அவள் இவர் தோளுக்கு மேலாகத் தொட்டியிலிருந்த கற்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உப்பு மூட்டையைப் படியில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

பதினொன்றே காலுக்கு என் ஆசை நிறைவேறியது. சோறு இறங்கவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. மீன் உள்பட.

டிசம்பர் 15, திங்கள்

அவளிடம் பேசுவதை நிறுத்தினால் அந்தப் பேச்சு என் பக்கம் திரும்பும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன் போல. திரும்பவில்லை. அப்படியே நின்றுவிட்டது. அவள் போன் வந்த காலத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்பாவது கேட்டது.

ஒற்றை மீன் மூலையில் கிடக்கிறது. இவர் தினம் தண்ணீர் மாற்றுகிறார். மறுநாள் பச்சை. மாற்றுகிறார். மறுநாள் பச்சை. காரணம் தெரிந்த ஒரே ஆளான நான் அடுப்படியில் ரசம் வைத்துக்கொண்டிருக்கிறேன். சொல்லிவிட வேண்டியதுதானே? சொன்னால் என்ன செய்வார்? அடிக்கிற மனுஷன் இல்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது. ஒரேயடியாகப் பேசாமலே போய்விட்டால்?

டிசம்பர் 16, செவ்வாய்

ஷேர் ஆட்டோ பிடித்து திருவொற்றியூர் போனேன். ரூஹியின் வாட்ஸ்அப்பிலிருந்து அவளிடமே கேட்டு விலாசம் வாங்கினேன்.

மாடியில் ஒரு அறை, அறை முழுக்கத் தொட்டி. கதவைத் திறந்தவள் ஆச்சரியப்படவேயில்லை. "வாங்க இத்தா" என்று நாற்காலியில் கிடந்த ரப்பர் குழாயை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

"நான்தான் கழுவுனேன்" என்றேன். வேறு முன்னுரை வரவில்லை.

"தெரியும். போட்டோ பாத்தப்பவே தெரியும். அது எந்த மருந்திலேயும் அப்படி வெளுக்காது."

"அப்ப ஏம்மா அவரு திட்டும்போது வாயைத் திறக்கல?"

"சொன்னா உங்க வீட்டில சண்டை வரும். சொல்லாட்டி எனக்கு ஒரு கஸ்டமர் போகும். அவ்வளவுதானே?"

எனக்கு அந்த இடத்திலேயே அவள் மேல் எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. இதிலேயும் இவள்தான் ஒசத்தியா? திட்டவும் ஒரு வழி வைக்கமாட்டாளா? ஆனால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த எரிச்சலிலேயே கேட்டேன், நல்ல வாசனை என்று எதற்கு என்னைக் குத்திக்காட்டினாய் என்று.

அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். தொட்டியிலிருந்து ஒரு கல்லை எடுத்து என் மூக்கருகே நீட்டினாள். "கல்லு செத்துப்போனா அழுகின முட்டை மாதிரி நாறும். உசுரோட இருந்தா இப்படி. மோந்து பாருங்க. உங்க கல்லு பிழைச்சிருந்தது இத்தா. அந்தச் சந்தோஷத்தில சொன்னேன்."

மோந்தேன். மழை விட்டதும் காசிமேட்டுப் பக்கம் வருமே, அந்த வாடை. நல்ல வாடைதான். என் ஹாலில் நாறியது செத்த மீன், கல் இல்லை.

கல்லுக்குள் என்னவெல்லாம் குடியிருக்கிறது, மீனின் கழிவை அது எப்படித் தின்கிறது, குழாய்த் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மூடி போட்ட பக்கெட்டில் ஐந்து கல் போட்டு அவள் தொட்டித் தண்ணீரையும் ஊற்றிக் கொடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். பக்கத்திலிருந்த ஆயா, "இன்னாம்மா, மீனா?" என்று கேட்டது. "கல்லு" என்றேன். அதற்குப் பிறகு அது என்னைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 17, புதன்

சொல்லிவிட்டேன். கல்லை அடுக்கி வைத்திருந்தேன், வந்ததும் பார்த்துவிட்டார்.

"இது எங்கேர்ந்து?"

"ஷிஜி குடுத்தா. அவ மருந்து ஒண்ணும் பண்ணல. பழசையெல்லாம் நான்தான் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேச்சேன். அவ மேல இருந்த வயித்தெரிச்சல்ல உங்ககிட்ட சொல்லாம வுட்டேன்."

என்னைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

டிசம்பர் 18, வியாழன்

"ம்" கூட இல்லை.

டிசம்பர் 20, சனி

காலையில் போனில் ஷிஜி நம்பரைப் போட்டு நானே இவர் கையில் கொடுத்தேன். தடுமாறி மன்னிப்புக் கேட்டார். கடைசியில் அந்தப் பழைய சிரிப்பும் வந்தது. எனக்கு வயிறு எரிந்தது. எரியட்டும், நடுவில் போகவில்லை.

சாயங்காலம் டீ கொண்டுபோய் வைத்தேன். டெஸ்ட் குழாயைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை இறங்கி மஞ்சள் தட்டியிருந்தது. மீன் மூலையை விட்டு வெளியே வந்து கல்லைச் சுற்றிக்கொண்டிருந்தது. திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"அறிவு கீதா உனக்கு? ஒரு வார்த்தை என்னாண்ட கேட்டியா? பிளீச்சிங் பவுடராம்! பாத்திரமா அது, தேய்க்கறதுக்கு?"

ஆரம்பித்தார். செத்த ஒவ்வொரு மீனையும் எங்கே வாங்கினார், எத்தனை நாள் பட்டினி கிடந்து பிறகு சாப்பிட ஆரம்பித்தது என்று சொல்லிச் சொல்லித் திட்டினார். அந்தப் பெண்ணை வாசலிலேயே நிறுத்த வைத்ததைச் சொல்லித் திட்டினார். எல்லாம் சரிதான். பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். எந்த இடத்தில் திட்டு நின்று விளக்கம் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். என்னையும் உட்காரச் சொன்னார்.

"அது வெறுங்கல்லு இல்ல தாஹிரா. ஓட்டை ஓட்டையா கீது பாரு, உள்ள கண்ணுக்குத் தெரியாத ஜீவனுங்க குடியிருக்குதுங்க. மீனு கழிவுல வர்ற விஷத்தை அதுங்கதான் தின்னுது. குழாத்தண்ணி பட்டுச்சின்னு வை..."

கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டிக் காட்டிச் சொல்கிறார். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. எடுத்துச் சூடு பண்ண எழுந்திருக்கவில்லை நான்.

இதெல்லாம் செவ்வாய்க்கிழமையே ஷிஜி எனக்குச் சொல்லியாயிற்று. இவரைவிடத் தெளிவாகவே சொன்னாள்.

"அப்படியா?" என்றேன். "அப்புறம்?"