கல் இப்போது அங்கே இல்லை

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் பிள்ளைகளும் நலந்தானே. என் முழங்கால் வலியைப் பற்றிப் புலம்பத்தான் காகிதத்தை எடுத்தேன். வேறு விஷயம் முந்திக்கொண்டது.

போன வருடம் நீ அலுவலகக் கருவியோடு வந்து, குண்டு விழுந்து செத்தவர்களுக்காக வீட்டுக்குப் பின்னால் நாங்கள் ஐந்து வீட்டார் வைத்திருக்கும் நினைவுக்கல்லை அளந்து படம் எடுத்தாய். "போர் நினைவிடம் எல்லாத்தையும் ஒரே வரைபடத்துல போடுறோம்க்கா. அத்தான் பேரு அழியவே அழியாது" என்றாய். தம்பி நீட்டுகிறானே என்று படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். மற்ற நான்கு வீடுகளிலும் கையெழுத்தை நான்தான் வாங்கித் தந்தேன்.

இப்போது சனி, ஞாயிறு வந்தால் வேன் வேனாக ஆட்கள். ஏதோ சுற்றுலா நிறுவனம் எங்கள் கல்லைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறதாம். கொடியில் காயும் என் துணியை ஒதுக்கிவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் பெயர்கள் மேலெல்லாம் தார். யாருக்கு இன்னும் கோபம் ஆறவில்லையோ! மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தேன். உன் அத்தான் பெயரில் முதல் எழுத்துதான் தெரிகிறது.

அந்த இடத்தை வரைபடத்திலிருந்து எடுத்துவிடு. வேறொன்றும் கேட்கவில்லை.

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்த அன்றே எடுத்துவிட்டேன். எங்கள் வரைபடத்தில் உன் வீட்டுப் பின்பக்கம் இனி வெறும் தோட்டம்தான்.

ஆனால் நீங்கள் கையெழுத்துப் போட்டது திறந்த உரிமம், அக்கா. யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம், தொழிலுக்கும் பயன்படுத்தலாம். எங்கிருந்து எடுத்தோம் என்று ஒரு வரி போட்டால் போதும். கொடுத்ததைத் திரும்பக் கேட்க வழியில்லை. அந்த நிறுவனத்தில் கேட்டேன். "உரிமத்துல தடை ஒண்ணும் இல்லையே சார்" என்கிறார்கள். இன்னும் எத்தனை பேரிடம் நகல் இருக்கிறதோ, எனக்கே தெரியாது.

படிவத்தை உனக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். அன்று இன்னும் ஏழு இடம் பாக்கி இருந்தது, அவசரப்பட்டேன். இது சாக்குதான்.

உன் தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

ஐந்து வீட்டாரும் கூடிப் பேசினோம். கொத்தனார் வீட்டு அம்மா முகத்துக்கு நேரே கேட்டாள்: "உன் தம்பின்னுதானே நம்பினோம்?"

கல்லைப் பெயர்த்து, மிச்சத் தாரையும் சுரண்டிவிட்டு, வேறிடத்தில் வைத்துவிட்டோம். எங்கே என்று உனக்குச் சொல்வதில்லை என்று முடிவு. அதை முதலில் சொன்னவளும் நான்தான்.

அக்கா

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இடத்தைக் கேட்க இதை எழுதவில்லை.

உங்கள் ஐந்து வீட்டுப் பெயர்களுக்கும் கீழே, அன்று அந்த வழியாக வந்து குண்டில் சிக்கிய லாரி டிரைவர் உயிர் போகுமுன் சொன்ன செல்லப்பெயரையும் வெட்டியிருந்தீர்களே. அவர் தங்கை நேற்று அலுவலகம் வந்தார். தையல் வேலை செய்கிறவர். யாரோ பழைய நகலிலிருந்து கல்லின் படத்தை அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

"எங்க வீட்டுல மட்டும் கூப்பிடுற பேரு சார் இது. பதினேழு வருஷமா எங்கே போய்ச் சேர்ந்தாருன்னே தெரியல. இப்ப உங்க வரைபடத்துல அந்த இடத்தையே காணோமே?"

கல் அங்கே இல்லை என்றேன். "அப்ப எங்கே?" என்றார். தெரியாது என்றேன். நம்பவில்லை. அலுவலகம் பூட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

அவர் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். நீயே அவருக்கு எழுது. எனக்கு எதுவும் தெரிய வேண்டாம்.

உன் தம்பி

மே 6

தம்பிக்கு,

அவள் வந்தாள். பேருந்து நிறுத்தத்துக்கு நானே போய்க் கூட்டி வந்தேன். கல்லைத் தடவிப் பார்த்து, "ஒரு எழுத்து தப்பா இருக்குக்கா" என்று சிரித்தாள். அப்புறம் அழுதாள். கொத்தனார் வீட்டு அம்மா போய், புருஷனுடைய உளியை எடுத்து வந்து, தன் கையாலேயே திருத்திக் கொடுத்தாள்.

உன் வரைபடம் இல்லாவிட்டால் அவள் வந்திருக்க மாட்டாள். அது எனக்கும் தெரிகிறது. தார் வந்ததும் அதே வழியில்தான். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

கிளம்பும்போது, "ஒரு படம் எடுத்துக்கட்டுமாக்கா?" என்று கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேண்டாம் என்றேன். அவள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனாள்.

உனக்கும் வரத் தோன்றினால், முன்கூட்டி எழுதிக் கேள். என்ன பதில் எழுதுவேன் என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

அக்கா