அரை மாத்திரை

மட்டாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சுனிதாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் இங்கே நலம், இரண்டு வருடத்தில் இந்த வரியைப் பொய்யில்லாமல் எழுதுவது இதுதான் முதல் தடவை. தோஹாவில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க அம்மன் துணை. உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும், எனக்கோ மலையாளம் எழுத வராது, அதனால் மெதுவாக வாசி. போனை எடுத்தாலே அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள், அவளை வைத்துக்கொண்டு பேச முடியாத சங்கதி இது.

போன வியாழக்கிழமை அவள் உன்னிடம், நான் சாகக் கிடந்தேன், நீ வந்து எட்டிக்கூடப் பாக்கலியே என்று சொன்னதும் நீ அழுதுகொண்டே போனை வைத்துவிட்டாய். பத்து நாள் லீவு போட்டு வந்து, ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவள் நீ. அது அவள் நினைவிலேயே இல்லை மகளே. தலைக்குக் கரண்ட் கொடுக்கும் வைத்தியம் நடக்கும் நாட்களில் சிலது மறந்துபோகும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். ஆனால் இவ்வளவு மறந்ததில் என் கையும் உண்டு, அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நான் செத்தவள், செத்தவளுக்கு எதுக்குச் சோறு என்று அவள் கஞ்சியைத் தள்ளின காலத்திலேயே டாக்டர் இந்த வைத்தியத்தைச் சொன்னார். இந்த மாதிரி நோய்க்கும் இந்த வயதுக்கும் நன்றாகக் கேட்கும், தள்ளிப்போட்டால் கேட்பது குறையும் என்றார். நீயும் சொன்னாய். நான்தான் சினிமாவில் பார்த்ததை நம்பி, என் பெண்டாட்டிக்கு ஷாக் வைக்க விடமாட்டேன் என்று உன்மேல் எரிந்து விழுந்தேன். காயாத இஞ்சியை மூட்டை கட்டினால் பூசணம் பிடிக்கும் என்று சுக்குக் கிடங்கில் முப்பது வருடம் பிறருக்குச் சொன்னவன், வீட்டில் நோயை ஒன்றரை வருடம் மூடி வைத்தேன். அவள் தண்ணீரும் வேண்டாம் என்ற பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

அதோடு விட்டேனா. தூக்க மாத்திரையை அறவே நிறுத்துங்கள், அது உடம்பில் இருந்தால் வலிப்பு சரியாக வராது, வலிப்பு வந்தால்தான் பலன் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள். ஆனால் மறுநாள் ஆஸ்பத்திரி என்றாலே அம்மா நடுங்குவாள், எனக்குப் பார்க்கப் பொறுக்காது. பழைய மாத்திரை மிச்சம் இருந்தது. அரை மாத்திரைதானே என்று பொடித்துக் கஞ்சியில் கலந்தேன். முதல் மூன்று தடவையும் வலிப்பு வந்த வேகத்தில் நின்றுவிட்டது. வீட்டில் ஏதும் கொடுத்தீர்களா என்று டாக்டர் கேட்டார், இல்லை சார் என்றேன். எங்க அப்பா பொய் சொல்ல மாட்டார் என்று நீ பக்கத்தில் நின்று சொன்னாய். டாக்டர் அதை நம்பிக் கரண்டைக் கூட்டினார்.

நீ விமானம் ஏறின மறுநாள் டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. கரண்ட் கூடினா மறதியும் கூடும், இதனால எவ்வளவுன்னு அளந்து பறய முடியாது, முன்னமே பறஞ்சிருந்தா கூட்ட வேண்டி வந்திருக்காது என்று மட்டும் தன் மலையாளத் தமிழில் சொன்னார். அவர் திட்டியிருந்தால் தேவலை. மாத்திரையை நிறுத்திய பிறகு எட்டாவது தடவை முடிந்து வந்தவள், மத்தி வாங்கி வாங்க என்றாள். மார்க்கெட்டில் நின்று அழுதேன்.

இப்போது கப்பைக் கிழங்கும் மீன்கறியும் அவளே சமைக்கிறாள். படுத்துக்கிடந்த காலமெல்லாம் அவளுக்குக் கலங்கலாகத்தான் இருக்கிறது. இவர் மட்டும் அன்னிக்கே கூட்டிட்டுப் போகலேன்னா நான் ஏது என்று பக்கத்து வீட்டுக் காளியம்மாளிடம் பெருமை பேசுகிறாள். உன்னை வரவில்லை என்கிறாள், என்னைக் காப்பாற்றினவன் என்கிறாள். இரண்டும் தப்பு. நீ வந்தாய் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன், என்னைத் தேத்தறதுக்காகச் சொல்லாதீங்க என்றுவிட்டாள். காட்டலாம் என்றால் அந்த நாட்களில் யாரும் ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. நான் தடுத்ததைச் சொல்லத்தான் இன்னும் வாய் வரவில்லை.

நோய் திரும்பாமல் இருக்க மாதம் ஒரு தடவை வரச் சொல்லியிருக்கிறார்கள், அடுத்தது ஐந்தாம் தேதி. அதற்கு முந்தின நாள் கஞ்சியில் உப்பைத் தவிர எதுவும் இருக்காது, என்னை நம்பு. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. உங்கள் வீட்டில் எந்தக் குறையும் வராது.

ஒன்று மட்டும் மறக்காதே. அம்மா மறுபடி அப்படிக் கேட்டால், வந்தேனே என்று வாதாடாதே. வரேம்மா என்று மட்டும் சொல். நீ வந்து அவள் பக்கத்தில் உட்காரும் அன்றைக்கு, முன்னால் நீ வந்ததையும் நான் செய்ததையும் நானே என் வாயால் சொல்கிறேன்.

உன் அப்பா,
முத்துவேல்