நீங்கள் குடிக்காமல் வைத்த தேத்தண்ணி

என் அன்பு ஜெஸீமா ராத்தாவுக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் தண்ணீருக்குக் குறை இருக்காது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே குறைதான். நேற்றும் மேட்டு வீடுகளின் குழாய்களில் வெறும் காற்றுதான் வந்தது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே பெண்கள் குளிக்கும் பீலிக்குப் போனேன். பாறை இடுக்கில் ஊறுவதை ஒரு குழாயில் பிடித்துவிட்ட அந்தப் பீலியில் மட்டும், யார் வந்தாலும் வராவிட்டாலும், தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது. அதைப் பார்த்ததும் உங்களிடம் சொல்ல வேண்டியதெல்லாம் ஒன்றாக நெஞ்சுக்கு வந்துவிட்டது.

கடைசியாக உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கிடைக்கவில்லை, ராத்தா. நோய் முற்றியதும் உங்களை அலவத்துகொடைக்குத் தாய்வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். செய்தி வந்த காலையில் புடவைக்கடை முதலாளியிடம் கெஞ்சி லீவு வாங்கி, கட்டுகஸ்தோட்டை நெரிசலில் பஸ்ஸோடு பஸ்ஸாக ஊர்ந்து நான் வந்து சேர்ந்தபோது ஜனாஸாவை எடுத்துவிட்டிருந்தார்கள். உங்கள் ஆட்கள் இதில் தாமதிக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எங்கள் வீடுகளைப் போல ஒரு ராத்திரியாவது வைத்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. பெண்கள் ஓதிக்கொண்டிருந்த கூடத்தின் ஓரத்தில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அழுதேன்.

இதை வேறு ஆட்களும் படிக்கக்கூடும். ஆகவே உங்களுக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, கோபிக்காதீர்கள்.

உள்ளூராட்சிச் சபையின் பிரஜைகள் ஆலோசனைக் குழு என்று நமக்குப் பெயர். பெயர் பெரியது. சம்பளம் கிடையாது, பஸ் காசும் கிடையாது. ஊர்க் குறைகளைப் பேசி சபைக்குச் சிபாரிசு செய்யலாம். எடுப்பதும் விடுவதும் அவர்கள் விருப்பம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். நாம் சாமியும் இல்லை, பூசாரியும் இல்லை, தட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிற கூட்டம் என்று ஒருநாள் நான் உங்கள் காதில் சொன்னேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் தலைவர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

தலைவர், நாம் எல்லோரும் சேர் என்று கூப்பிடும் அதே மனிதர்தான். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், வெள்ளைச் சட்டை, மேசையில் பேனாவை நேராக வைத்துவிட்டுத்தான் வாய் திறப்பார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் களைப்பு.

கூட்டம் சிங்களத்தில் நடக்கும். என் சிங்களம் கடைச் சிங்களம். ஒரு சேலையை விற்றுவிடுவேன், ஒரு பிரேரணையை எதிர்க்க வராது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் கிசுகிசுப்பீர்கள். பிறகு எனக்காகவும் சேர்த்து நீங்களே எழும்பிப் பேசுவீர்கள். கம்பளையிலிருந்து கட்டுகஸ்தோட்டை வரை சந்தையெல்லாம் பேரம் பேசி வளர்ந்த சிங்களம் உங்களுடையது. அந்த அறையில் எல்லோருக்கும் அது பிடித்திருந்தது, கேட்டதைக் கொடுப்பது மட்டும்தான் பிடிக்கவில்லை.

அந்தத் தேத்தண்ணி வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கடைசி விஷயத்துக்கு வந்ததும் குசுமா அக்கா தட்டோடு உள்ளே வருவார். எல்லோரும் கோப்பையைக் கையில் எடுத்த பிறகுதான் சேர் தன்னுடையதை வாயில் வைப்பார். அது அவர் மரியாதை. அவர் ஒரு வாய் குடித்துவிட்டால் கூட்டம் முடிந்தது, பேசியது எல்லோருக்கும் சம்மதம். எங்கேயும் எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் எழுதிய சட்டங்களைவிட ஒழுங்காக நடந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் நீங்கள். பீலியின் தகரக் கதவு கழன்று விழுந்து, மறைப்புச் சுவர் பாதி சரிந்து, எதிரே த்ரீவீலர் தரிப்பிடமும் வந்த பிறகு, சுவரையும் கதவையும் கேட்டுக் கேட்டு அலுத்த ஒரு மாதத்தில், நீங்கள் கோப்பையைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தீர்கள். எல்லோர் கையிலும் தேத்தண்ணி. ஒருவரும் குடிக்க முடியவில்லை. சேர் பெருமூச்சு விட்டு, "ஜெஸீமா நோனா, தவ மொனவத?" என்றார். இன்னும் என்னதான் இருக்கிறது என்று.

நான் பதறிப்போய் உங்கள் முழங்கையைத் தட்டினேன். "நீங்க பேசாம இரிங்க புள்ள," என்றீர்கள். "தேத்தண்ணிய குடிச்சா கத முடிஞ்சிரும். கொஞ்சம் ஆறட்டும்."

அதற்குப் பிறகு எத்தனை மாதம் அந்த அறையில் எல்லோரும் ஆறின தேத்தண்ணி குடித்தார்கள். சுவர் மட்டும் வரவில்லை.

நீங்கள் படுக்கையில் விழுந்த பிறகு என் பக்கத்துக் கதிரை காலியானது. உள்ளதைச் சொன்னால், நானும் காலியாகத்தான் போய்வந்தேன். காதில் யாரும் தமிழில் சொல்வதில்லை. மற்றவர்கள் சிரிக்கும்போது சிரித்தேன், கை தூக்கும்போது தூக்கினேன். முழங்கால் வலியோடு அந்த மாடிப்படி ஏறுவதும், அரைநாள் லீவுக்கு முதலாளி முகத்தைப் பார்ப்பதும் எதற்கு என்று தோன்றிக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரரும் சும்மா இருப்பாரா? "ராத்தா இருந்தாங்க, நீ போன. இப்ப அங்க ஒனக்கு என்ன வேல?" என்றார்.

நீங்கள் போன பிறகு வந்த முதல் கூட்டத்துக்கு, இதுவே கடைசி என்று முடிவு செய்துதான் போனேன். முடிந்ததும் சேரிடம் தனியாகச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று இருந்தேன். ஆரம்பத்தில் உங்களுக்காக எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காத்தோம். உங்கள் பெயரைச் சிங்களத்தில் அழகாகச் சொன்னார்கள். பிறகு உட்கார்ந்து, தெருநாய், வடிகால் என்று வழக்கம்போல் போனது.

கடைசி விஷயம்தான் பீலி. சபையிலிருந்து வந்திருந்த ஓர் அதிகாரி ஒரு வரைபடத்தை விரித்தார். பீலியை மூடி, இடத்தைச் சமப்படுத்தி, வாகனத் தரிப்பிடம் செய்ய யோசனையாம். அங்கே இப்போது யாரும் அதிகம் குளிப்பதில்லை என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை, ராத்தா. சுவர் இல்லாத இடத்தில், த்ரீவீலர்க்காரர்கள் பார்க்க, எந்தப் பெண்பிள்ளை குளிப்பாள்? சுவரைக் கட்டாமல் விட்டதால் ஆள் வரவில்லை. ஆள் வராததால் மூடப்போகிறார்கள். இதை அப்படியே சொல்லியிருக்கலாம். தமிழில் எனக்குள் வரிசையாக நின்றது. சிங்களத்தில் ஒரு சொல்லும் வெளியே வரவில்லை.

பீலி போனால் எங்களுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குழாயில் காற்று வரும் நாட்களில் மேட்டில் இருக்கும் நாங்கள் எல்லோரும் அந்த ஒரு ஊற்றை நம்பித்தான் இருக்கிறோம். மஹய்யாவ பக்கம் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் குளித்துவிட்டு வர எல்லோருக்கும் சொந்தக்காரர் இருக்கிறார்களா?

ஆட்சேபனை உண்டா என்று சேர் கேட்டார். ஒருவரும் பேசவில்லை. குசுமா அக்கா தட்டோடு வந்தார். வரிசையாகக் கோப்பைகளை வைத்துக்கொண்டே போனவர், உங்கள் காலிக் கதிரைக்கு முன்னாலும் ஒன்றை வைத்தார். சீனி போடாத ப்ளேன்டீ, தட்டின் ஓரத்தில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. உங்களுக்கு வைப்பது போலவே. வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

எல்லோரும் கோப்பையை எடுத்தார்கள். நானும் எடுத்தேன். சேர் தன்னுடையதைத் தூக்கி, வழக்கம்போல் மேசை நெடுக ஒரு பார்வை பார்த்தார். தொடாத ஒரு கோப்பை கண்ணில் பட்டது. தூக்கியதைக் கீழே வைத்தார். பெருமூச்சு விட்டார்.

"ஜெஸீமா நோனா, தவ மொனவத?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. சற்று முன் நாங்கள் எழுந்து நின்றபோது இல்லாத மௌனம் அப்போதுதான் அந்த அறைக்கு வந்தது. எனக்கு அழுகை வந்தது. அதற்கு முன்னால் கோபம் வந்தது, யார் மேல் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

என் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பினேன். "சேர், ராத்தா இன்னும் குடிக்கல," என்றேன். தமிழில்தான் வந்தது. பிறகு என் கடைச் சிங்களத்தில், சேலைக்கு விலை சொல்வது போலச் சொல்லிக்கொண்டு போனேன். சுவர் விழுந்ததால்தான் ஆள் இல்லை என்றேன். சுவரைக் கட்டிப் பாருங்கள், அப்புறமும் யாரும் வராவிட்டால் மூடுங்கள் என்றேன். இலக்கணம் எப்படி இருந்ததோ, யாரும் சிரிக்கவில்லை.

விஷயம் ஒத்திவைக்கப்பட்டது. நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவானது. வெற்றி என்று நினைத்துவிடாதீர்கள். ஒத்திவைப்பு என்றால் என்ன என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த குசுமா அக்காவிடம், மறந்து வைத்தீர்களா என்று கேட்டேன். அந்தக் கதிரையைத் தாண்டிப் போகக் கை வரவில்லை என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் கழுவத் தொடங்கினார். உங்கள் கருப்பட்டித் துண்டை அவர் எறியவில்லை, என் கையில் கொடுத்தார். நடந்து வரும் வழியில் அதை வாயில் போட்டுக்கொண்டேன்.

நேரில் பார்க்க வந்தார்கள். எப்போது வந்தார்கள் தெரியுமா? நல்ல அடைமழை நாளில். மலையெல்லாம் தண்ணீர், வடிகாலெல்லாம் தண்ணீர். இங்கே தண்ணீர்ப் பஞ்சம் என்று நான் குடை பிடித்துக்கொண்டு விளக்கினேன். நீங்கள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். இறங்கும்போது சேரின் கால் சேற்றில் புதைந்து, கடைசியில் பீலியில்தான் கழுவினார். நல்ல தண்ணீர் என்றார். அதைக் குறிப்பில் எழுதுங்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

போன கூட்டத்தில் மறுபடியும் வந்தது. அதே வரைபடம், அதே அதிகாரி. நான் என் இடத்தை விட்டு எழும்பி, ஜன்னலோரம் உங்கள் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். அனுமதி கேட்கவில்லை. குசுமா அக்கா வந்தார், எனக்கு முன்னால் ஒன்றை வைத்தார். பால் தேத்தண்ணி, என் வழக்கம். நான் கையைக் கட்டிக்கொண்டேன். முழங்கால் வலித்தது, பசித்தது, வீட்டுக்குப் போனால் போதும் என்று இருந்தது. உங்களுக்கும் அப்போதெல்லாம் இப்படித்தான் இருந்ததா? ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களே, அது வீம்பு என்று நினைத்திருந்தேன். களைப்பா ராத்தா?

ஆவி அடங்கியது. பாலில் ஆடை படிந்தது. இத்தனை வருடமாக அந்த அறையில் நான் பெயரில்லாத "மற்ற நோனா"தான். சேர் கோப்பையைக் கீழே வைத்தார். பேனாவை நேராக்கினார்.

"புஷ்பராணி நோனா," என்றார். "தவ மொனவத?"

பீலியை மூடக் கூடாது, சுவரும் கதவும் கட்ட வேண்டும் என்று சிபாரிசு போயிருக்கிறது. வெறும் சிபாரிசுதான். சபை எப்போது எடுக்கும், எடுக்குமா, காசில்லை என்று திருப்பி அனுப்புமா, ஒன்றும் தெரியாது. சுவர் எப்போது எழும்பும் என்று மட்டும் கேட்காதீர்கள். நான் களைத்துத்தான் இருக்கிறேன், ராத்தா. அதை மறைத்து உங்களுக்கு எழுத முடியாது. விலகுகிறேன் என்று மட்டும் சேரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஒரு வாக்குத் தருகிறேன். அந்தப் பீலிக்குக் கதவு வந்து, உள்ளே ஒரு பெண்பிள்ளை தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகக் குளிக்கும் சத்தத்தை என் காதால் கேட்கும் வரை, அந்த மேசையில் ஒரு சொட்டும் குடிக்க மாட்டேன். கேட்ட அன்றைக்கு, உங்களுக்குப் பிடித்த மாதிரி சீனியில்லாமல், கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு, சுடச்சுடக் குடிப்பேன்.

அதுவரை ஆறட்டும்.

உங்கள் கதிரையில் உட்கார்ந்திருக்கும்,
உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
புஷ்பராணி