ஒரே பக்கமாக ஓடிய மணல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் அப்படியே இருக்க வேண்டும். வாரம் தவறாமல் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நீ "சொல்லுங்கப்பா" என்றதும் எனக்கு வாய் அடைத்துப்போகிறது, போதாததற்கு உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். அவளுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, வந்த நாளிலிருந்து நான் கழுவிய பாத்திரத்தில் எல்லாம் அழுக்கு தெரிகிறதாம். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு நாளைக்கு என்று டிமிக்கி கொடுக்கிறான். பார், சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் குழாயைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் நீ கேட்டாயே, பேத்தி பள்ளியில் பாஸ்கெட்பால் சேர்ந்திருக்கிறாள், வீட்டுக்குப் பக்கத்திலேயே கடற்கரை இருக்கிறது, "நீங்க எங்களுக்குக் குடுத்த மணல் பயிற்சியை அவளுக்கு எழுதி அனுப்புங்கப்பா" என்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நாலு பக்கம் எழுதி, உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். அந்த உறையைப் போன வாரம் கிழித்துப் போட்டேன். ஏன் என்று எழுத இப்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

எங்கள் பாஸ்கெட்பால் கிளப்புக்கு பிசியோதெரபி படித்த பெண் ஒருத்தி புதிதாக வந்திருக்கிறாள், உன்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். அன்றைக்குக் காலையில் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போயிருந்தேன். வழி உனக்குத் தெரியும், ஐஸ் ஃபேக்டரியிலிருந்து கல் கொட்டிய கரை வரைக்கும், ஈர மணலில், கடல் வலது பக்கம். திரும்பும்போது வெயில் ஏறிவிடும் என்று மர நிழல் உள்ள ரோட்டு வழியாகப் பந்தைத் தட்டிக்கொண்டு நடந்து வரச் சொல்வேன், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று எனக்குப் பெருமை வேறு. நெட்டை என்று நாங்கள் கூப்பிடும் பெண், பதினைந்து வயது, பாதி வழியில் நின்றுவிட்டாள். வலது முட்டியின் வெளிப்பக்கம் வலிக்கிறது என்றாள். "நடிக்காதே, ஓடு" என்றேன். வாயில் தயாராகவே இருந்த வார்த்தை அது. அந்த பிசியோ பெண் மணலில் குனிந்து கால் தடங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக, "சார், எப்பவும் இந்தப் பக்கமாவே ஓடுறாங்களா?" என்று கேட்டாள். "இருபத்தாறு வருஷமா" என்றேன், மார்பை நிமிர்த்திக்கொண்டு. அவள், "கரை கடலைப் பாத்துச் சரிவா இருக்கே சார், வலது கால் எப்பவும் பள்ளத்துலதானே விழுது" என்றாள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நேற்று வந்தவள் எனக்குச் சொல்வதா என்று. சாயங்காலம் பக்கத்து வீட்டு மேஸ்திரியிடம் தளம் சமமா என்று பார்க்கிற ரசமட்டத்தை வாங்கிக்கொண்டு போய் ஈர மணலில் ஒரு பலகையைப் போட்டு வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நிற்கவே இல்லை, ஒரு ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. எந்த ஊர் மைதானத்துக்குப் போனாலும் டேப்பை எடுத்து வளையத்தின் உயரத்தை அளந்து நடுவர்களோடு மல்லுக்கு நின்றவன் நான். பிள்ளைகள் ஓடிய தரையை ஒரு நாளும் அளக்கவில்லை. அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன், எழுந்திருக்க மனம் வரவில்லை.

உனக்கும் அதே வலது முட்டி, அதே வெளிப்பக்கம். அணித் தேர்வுக்கு முன்னால் மூன்று மாதம் நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். மற்ற பிள்ளைகள் வலி என்றால் அப்போதெல்லாம் உட்காரச் சொல்லியிருக்கிறேன், மறைக்க மாட்டேன். நீ சொன்னபோது மட்டும், மகளுக்குச் சலுகை காட்டுகிறார் என்று யாரும் நாக்கின்மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாது என்று எல்லோர் எதிரிலும் இன்னும் இரண்டு சுற்று ஓட விட்டேன். நீ நொண்டிக்கொண்டே ஓடினாய். தேர்வன்று உன் பெயருக்கு எதிரே "முயற்சி போதாது" என்று எழுதியது வேறு யாரும் இல்லை, நான்தான். நீ ஷூவைப் பரண்மேல் போட்டாய், நான் ஊரெல்லாம் "அவளுக்கு ஆர்வம் விட்டுப்போச்சு" என்று சொல்லித் திரிந்தேன். இன்றைக்கும் நீ மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குகிறாயாம், அம்மா சொன்னாள். என்னிடம் நீ அதைச் சொன்னதே இல்லை. எப்படிச் சொல்வாய்?

மறுநாள் பிள்ளைகளை உட்காரவைத்து, "தப்பு என்னோடது, நெட்டை நடிக்கல" என்றேன். ஒருத்தி எழுந்து, "அப்போ நாளைக்கு ஓட்டம் இல்லையா சார்?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், என்னால் முடியவில்லை. நெட்டையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உன்னிடம் கேட்கத்தான் இத்தனை பக்கம் சுற்றி வருகிறேன். என்னை மன்னித்துவிடம்மா. உடனே முடியாது என்றால் பரவாயில்லை, அதுவும் நியாயம்தான்.

பேத்திக்கு நாலு பக்கம் வேண்டாம், நாலு வரி போதும். கரையை விட்டு மேலே வந்து சமமான உலர்ந்த மணலில் ஓடட்டும். பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், போன வழியிலேயே திரும்பியும் ஓடி வரட்டும், இரண்டு காலுக்கும் சமமாக இருக்கும். குதிக்கிற பயிற்சியெல்லாம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். வலிக்கிறது என்று சொன்னால் நம்பு, நடிக்கிறாளா என்று முகத்தைப் பார்க்காதே. உன் முட்டியையும் ஒரு நல்ல டாக்டரிடம் காட்டு, என்ன சொன்னார் என்று அம்மாவிடம் சொல்லாமல் எனக்கே நேராக எழுது. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள்.

இன்னும் ஒன்று. மைதானத்துக்குள் நுழைந்துவிட்டால் என்னை "சார்" என்றுதான் கூப்பிட வேண்டும் என்று உனக்குச் சட்டம் போட்டவன் நான். வீட்டுக்கு வந்தால் மைதானத்துப் பேச்சை எடுக்கக் கூடாது என்பதும் நான் போட்டதுதான். அதனால் நீ "வலிக்குது சார்" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அந்த "சார்" நம்பவில்லை. இப்போது என்னிடம் சொல்லம்மா, கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா