பூட்டை மாற்றவில்லை

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். குழந்தைக்குச் சளி விட்டதா, தலைக்கு ஊற்றினால் உடனே நன்றாகத் துவட்டிவிடு. தம்பி ஏன் போனில் பேசுவதில்லை என்று கேட்டாய், வேலையாக இருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தையும் பிரித்துப் படிப்பார்கள் என்கிறார் அப்பா. படிக்கட்டும், அவர்களுக்குத் தெரியாதது இதில் ஒன்றும் இல்லை.

சந்தையில் குண்டு வெடித்ததும் பிறகு பேருந்து நிலையத்தில் வெடித்ததும் உனக்குத் தெரியும். அதிலிருந்து இங்கே அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான். முடிவெட்டுகிறவர் தன் சாப்பாட்டுப் பையைக் கடை வாசலில் மறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார், அதைப் பார்த்துத் தெருவே காலியாகிவிட்டது, நானும் ஒற்றைச் செருப்போடு ஓடினேன். அந்தச் சமயத்தில்தான் உத்தரவு வந்தது, ஒவ்வொரு வீட்டு வாசல் சாவியிலும் ஒரு நகல் காவல் நிலையத்தில் இருக்க வேண்டும், உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட வேண்டும், சந்தேகம் வந்தால் கதவை உடைக்காமல் உள்ளே வந்து பார்ப்பார்களாம். யாரும் மறுக்கவில்லை கண்ணு. தெருக் கூட்டத்தில் நம் எதிர்வீட்டு லவுட்ஸ்பீக்கர் மாமா எழுந்து, மடியில கனம் இல்லாதவனுக்கு வழியில என்ன பயம் என்று கேட்டார், எல்லாரும் கை தட்டினோம். தம்பி மட்டும், சாவியையும் குடுத்துட்டா அப்புறம் பூட்டு எதுக்கு, அழகுக்கா என்று கேட்டான். அப்பாதான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். நம் பூட்டுக் கடையில் தெருவுக்கே சாவி வெட்டிக் கொடுத்ததும் அப்பாதான். அவர் குணம் உனக்குத் தெரியுமே, அந்தந்தக் கதவில் போட்டுத் திருப்பிப் பார்க்காமல் சாவியைக் கையை விட்டுக் கொடுக்க மாட்டார், கூடவே பூட்டுக்கு எண்ணெயும் விடுவார். நம் வீட்டுக்கும் அப்படித்தான் செய்தார்.

போன வாரம் தம்பிக்குச் செல்போன் கடை விடுமுறை. மத்தியானம் அவனுக்குச் சாப்பாடு போட்டுவிட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போனேன். இறங்கி வந்தால் கதவு பூட்டியிருந்தது, எங்கேயோ வெளியே போயிருக்கிறான் என்று நினைத்து என் சாவியால் திறந்தேன். தட்டில் பாதிச் சாப்பாடு இருந்தது, ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஃபேனை நிறுத்திவிட்டுத் தட்டை மூடி வைத்தேன். எதிர்வீட்டு மாமிதான் வந்து சொன்னாள், நான்கு பேர் வந்து திறந்து அவனைக் கூட்டிக்கொண்டு, போகும்போது ஒழுங்காகப் பூட்டிவிட்டுப் போனார்களாம். உடைத்திருந்தால் மாடியில் எனக்குக் கேட்டிருக்கும்.

நிலையத்தில் கேட்டால், விசாரணைதாம்மா, இப்ப இருக்கற சட்டத்துல காரணம் சொல்ல வேண்டியதில்ல என்கிறார்கள். சும்மாவா கூட்டிட்டுப் போவாங்க என்று லவுட்ஸ்பீக்கர் மாமா தாழ்ந்த குரலில் சொன்னாராம். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இதற்கு முன்னால் நம் தெரு மருந்துக்கடைக்காரரை இவர்கள் கூட்டிக்கொண்டு போனபோது நானும் அதையேதான் சொன்னேன். அழுகையும் வரவில்லை. மூன்று தட்டு எடுத்து வைக்கிறேன், பிறகு ஒன்றைத் திரும்ப அடுக்கிவிடுகிறேன், அவ்வளவுதான்.

அப்பா நேற்று கடையிலிருந்து புதுப் பூட்டு ஒன்று கொண்டுவந்தார். மாற்றினால் அதன் சாவியையும் கொடுக்க வேண்டும், தெரியும், இருந்தாலும் பழைய பூட்டின் திருகுகளைக் கழற்றினார். கடைசித் திருகில் நிறுத்திவிட்டார். தம்பியின் சாவி அவன் சட்டைப்பையிலேயே போயிருக்கிறது. நாங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் அவனை விட்டுவிட்டால், வந்து திருப்பினால் திறக்க வேண்டுமே என்றார். எல்லாவற்றையும் பழையபடி முடுக்கிவிட்டார். அவர்களும் எப்போது வேண்டுமானாலும் வரலாம், வரட்டும்.

விஷயம் தெரிந்ததும் கிளம்பி வருகிறேன் என்பாய், வராதே. மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல். மூன்று பேரும் தீர்க்காயுசாக இருங்கள். கல்யாணமாகிப் போகும்போது நீ எடுத்துக்கொண்டு போன வாசல் சாவி இருக்கிறதல்லவா, அதை மட்டும் தொலைத்துவிடாதே. அதே பூட்டுதான் இருக்கிறது.

உன் அம்மா