அரைக் கிண்ணம்

பிப்ரவரி 9

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியதுபோல் இருக்கிறது. பக்கவாதம் வந்து ஏழு வாரம். வலது கை மடியில் சும்மா கிடக்கிறது. அதைவிட எரிச்சல், தேநீருக்கு வெந்நீர் கொதிக்கும் என் சமோவார் பக்கத்தில் நாத்தனார் புருல் உட்கார்ந்திருப்பது. உதவிக்கு வந்தாளாம். இருபத்தாறு வருஷமாக இந்த வீட்டில் தேநீர் ஊற்றியவள் நான்.

பிப்ரவரி 14

கைக்குப் பயிற்சி கொடுக்க சினார் வந்தாள். என் நல்ல கைக்குக் கம்பளி உறை மாட்டிக் கட்டிவிட்டாள். தினமும் மூன்று மணி நேரம் எல்லாமே வலது கையால்தானாம். பொரித்த மாவுத் துண்டு ஒன்றை எடுத்தேன். வாய்க்கு வருமுன் விழுந்தது.

அவள் போனதும் புருல் உறையை அவிழ்த்துவிட்டு, கரண்டியோடு ஊட்ட வந்தாள். "பாவம், உன்னைக் கொடுமைப்படுத்துறா. விடு சைரா, நான் இருக்கேன்ல."

அவள் இருப்பதுதானே என் பிரச்சினை! என் கணவர் குபாத் வாயே திறக்கவில்லை. அக்கா சொன்னால் அவரிடம் மறுபேச்சு கிடையாது.

பிப்ரவரி 15

உறையை நானே பல்லால் இழுத்து மாட்டிக்கொண்டேன்.

மார்ச் 3

மானம் போயிற்று. பக்கத்து வீட்டுப் பெரியவர் தொக்தோசுன் வந்தார். நானே ஊற்றலாமென்று நினைத்தது தப்பா? கிண்ணம் பாதியானதும் கெண்டியை நிமிர்த்த வேண்டும் — மணிக்கட்டு கேட்கவில்லை. விளிம்புவரை நிறைந்துவிட்டது. எங்கள் ஊரில் நிறைத்துக் கொடுத்தால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தம், குழந்தைக்கும் தெரியும். பெரியவர் குடித்தார், எழுந்து போய்விட்டார். என் கை இப்படி என்று தெரிந்த மனுஷன்!

"வீடு தேடி வந்தவரைத் துரத்திட்டியே. இனிமே கெண்டியைத் தொடாத" என்றாள் புருல்.

ஏன் தொடக்கூடாது? யார் வீட்டுக் கெண்டி?

மார்ச் 4

சினாரிடம் சொல்லி அழுதேன். "ஊத்த வருதுக்கா. நிறுத்தத்தான் வரல. அதைப் பழகுங்க" என்றாள். வெறும் தண்ணீர், ஒரு நாளைக்கு நூறு கிண்ணம்.

மார்ச் 19

தண்ணீர், தண்ணீர். விரிப்பெல்லாம் ஈரம். புருல் முணுமுணுக்கிறாள். முணுமுணுக்கட்டும்.

ஏப்ரல் 6

இது வலது கை எழுத்து. இதுவும் கோழி கிளறியதுதான்.

நான் சொன்னேன் என்று குபாத் போய்ப் பெரியவரை அழைத்துவந்தார். ஊற்றினேன். அவருக்கு அரைக் கிண்ணம், குபாத்துக்கு அரைக் கிண்ணம். ஒரு சொட்டு கூடவில்லை. பெரியவர் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

பிறகு புருலுக்கு ஊற்றினேன், விளிம்புவரை.

"கை இன்னும் சரியாகலையா?" என்றாள்.

"சரியாயிடுச்சு அண்ணி."

குபாத் எழுந்து உள்ளே போய் அவள் பெட்டியை எடுத்துவந்து வாசலருகே வைத்தார்.